மீட்டருக்கு என்ன ரேட்டு?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. போன வாரம் மாதிரி சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) தாராளமாக உட்காரலாம். பரீட்சைக்கு உதவுமா தெரியாது, நாளைக்கு வேலைக்குப் போனால் உதவும்.

எங்க மாமா கோவையில் கணபதி பக்கம் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறார். ஒரு வாட்டர்ஜெட் மெஷின், ஒரு ஆபரேட்டர், ஒரு ஹெல்ப்பர், நாலாவதாக மாமா. செமஸ்டர் லீவில் நான் போய் டேலியில் பில் என்ட்ரி போடுவேன். சம்பளம் கிடையாது, அத்தை கையால மதியச் சாப்பாடு உண்டு.

அங்கே ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது போன் அடிக்கும். எடுத்தவுடன் வரும் முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்.

"ஏனுங்க, வாட்டர்ஜெட் கட்டிங் மீட்டருக்கு என்ன ரேட்டுங்க?"

என்ன உலோகம், எத்தனை எம்.எம். கனம், எந்த மெஷினுக்குப் போகிற பார்ட், விளிம்பு எவ்வளவு சுத்தமாக வேணும்... எதுவும் கிடையாது. மீட்டருக்கு என்ன ரேட்டு, அவ்வளவுதான். எங்க மாமாவும் ஏதோ தக்காளி விலை சொல்வது மாதிரி டக்கென்று ஒரு நம்பர் சொல்வார்.

என் கோபமெல்லாம் இதுதான். இந்தக் கேள்வியே தப்பு. கேட்கிறவர் மேல் பாதித் தப்பு, பதில் சொல்கிறவர் மேல் மீதித் தப்பு. இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற மலிவான பதிலில் குறைகிற காசு காற்றில் கரைந்து போவதில்லை. அதை வேற யாரோ ஒருத்தர் கட்டிக்கொண்டிருக்கிறார். யார் யார் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

தண்ணி இரும்பை வெட்டுமா?

வெட்டும். ஆனா தண்ணி தனியா வெட்டாது. பம்ப் தண்ணியை சுமார் 4000 பார் அழுத்தத்துக்கு ஏற்றும். நம்ம கார் டயரில் இருப்பது 2 பாருக்குக் கொஞ்சம் மேல், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணி மாணிக்கக் கல்லிலோ வைரத்திலோ போட்ட ஒரு குட்டி ஓட்டை வழியாக வெளியே வரும். ஓட்டையின் விட்டம் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வரும் வேகம் ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஜெட்டோடு கார்னெட் என்கிற சிவப்பு மணலைக் கலந்து, ஒரு கார்பைட் குழாய் வழியாகத் தகட்டின் மேல் அடிப்பார்கள். உண்மையில் இரும்பை அரித்து எடுப்பது அந்த மணல்தான். தண்ணி அதுக்கு டிரைவர்.

உயர் அழுத்தத் தண்ணியால் மரத்தை வெட்டலாமா என்று முதலில் சோதித்தவர்களில் ஒருத்தர் நார்மன் ஃபிரான்ஸ் என்ற வனவியல் பேராசிரியர். தண்ணியோடு மணலைச் சேர்த்து உலோகத்தை வெட்டும் முறையை 1980 வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கியவர் முகமது ஹஷிஷ் என்ற பொறியாளர். (மெக்கானிக்கல் நண்பர்கள் தப்பு இருந்தால் திருத்தவும், நான் வெறும் பி.காம். :-))

இதன் பெரிய வசதி என்னவென்றால், சூடு கிடையாது. லேசரும் பிளாஸ்மாவும் உருக்கி வெட்டும். வெட்டிய விளிம்பில் உலோகத்தின் குணம் கொஞ்சம் மாறிப் போகும். வாட்டர்ஜெட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், செம்பு, டைட்டானியம், ரப்பர், கிரானைட், கண்ணாடி எல்லாத்தையும் ஒரே மெஷின் வெட்டும். கை அகலக் கனத்துக்கு இரும்பு கொடுத்தாலும் மெதுவாக வெட்டித் தரும். டை எதுவும் செய்ய வேண்டாம். படத்தை கம்ப்யூட்டரில் கொடுத்தால் போதும், ஒரே ஒரு பீஸ் வேணும் என்றாலும் செய்யலாம். பம்ப்செட்டும் டெக்ஸ்டைல் மெஷினும் செய்கிற கோவை மாதிரி ஊரில் இதற்கு வேலை இல்லாமல் இருக்குமா?

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். 3 எம்.எம். இரும்புத் தகட்டில் சாதாரண பார்ட் வெட்ட வாட்டர்ஜெட்டைத் தேடி வருவது கொசு அடிக்க பீரங்கி கொண்டு வருவது மாதிரி. அதுக்கு லேசர்தான் சரி. வேகமும் அதிகம், விலையும் குறைவு. என் சண்டை லேசரோடு இல்லை.

ஒரே மீட்டர், மூணு கணக்கு

இப்போ மேட்டருக்கு வருவோம்.

வாட்டர்ஜெட்டில் விளிம்பின் தரத்தை முடிவு செய்வது வேகம். தலை வேகமாக நகர்ந்தால் ஜெட்டின் அடிப்பகுதி பின்னால் இழுபடும். தகட்டின் மேல் பக்கம் வழுவழுப்பாக இருக்கும், கீழே போகப் போக கோடு கோடாக, சாய்வாகப் போய்விடும். மெதுவாகப் போனால் மேலிருந்து கீழ்வரை சுத்தமாக வரும். பெரும்பாலான மெஷின்களில் இதை 1 முதல் 5 வரை தர நிலையாகக் கொடுத்திருப்பார்கள். 1 என்றால் 'துண்டாக வந்தால் போதும்'. 3 என்றால் நடுத்தரம். 5 என்றால் ரொம்ப நைஸ்.

25 எம்.எம். ஸ்டீல் பிளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50 எச்.பி. பம்ப். பம்ப்பையும் நாசிலையும் பொறுத்துக் கொஞ்சம் மாறும், ஆனால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

தரம் 1: ஒரு மீட்டர் வெட்ட சுமார் 6 நிமிஷம்.
தரம் 3: சுமார் 20 நிமிஷம்.
தரம் 5: சுமார் 38 நிமிஷம்.

கார்னெட் நிமிஷத்துக்கு 400 கிராம் போகிறது என்று வைத்தால், அதே ஒரு மீட்டருக்கு முதல் வகையில் சுமார் இரண்டரை கிலோ மணல், நடுத்தரத்தில் 8 கிலோ, நைஸில் 15 கிலோ. போன மணல் போனதுதான். இரும்புத்தூளோடு சேர்ந்து தொட்டியில் சேறாகப் படிந்துவிடும். அதை அள்ளிப் போடுவதற்கும் ஆள் கூலி தனி.

ஒரே பிளேட், ஒரே மெஷின், ஒரே மீட்டர். செலவோ ஆறு மடங்கு வித்தியாசம். கனத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் இரட்டிப்புக்கும் மேலே போகும். இப்போ சொல்லுங்கள், 'மீட்டருக்கு என்ன ரேட்டு' என்ற கேள்விக்கு என்ன அர்த்தம்? டாக்ஸி ஸ்டாண்டில் போய் 'கதவுக்கு என்ன ரேட்டு' என்று கேட்பது மாதிரிதான் இருக்கு.

விற்பது நீளம் இல்லை, நேரம். நேரத்தை நீள அளவில் விற்றால் கணக்கு எங்கேயாவது உதைக்கத்தானே செய்யும்?

நாற்பது பிளாஞ்ச் கதை

கொஞ்ச மாசம் முன்னாடி ஒரு பெரிய கம்பெனியிலிருந்து (பெயர் வேண்டாம், மாமா இன்னும் அந்த கேட்டுக்குள் போக வேண்டியிருக்கு) ஒரு ஆர்டர் வந்தது. 25 எம்.எம். எஸ்.எஸ். பிளேட்டில் 40 பிளாஞ்ச். ஒன்றுக்கு 1.2 மீட்டர் வெட்டு, மொத்தம் 48 மீட்டர். பர்சேஸ் சார் போனில் கேட்டார், மீட்டருக்கு என்ன ரேட்டு? மாமா 500 என்றார். அடுத்த ஷெட்டில் 460 என்கிறார்களே என்றார் அவர். மாமா 450 என்றார். முடிந்தது. மொத்தம் 21,600 ரூபாய்.

ஆர்டர் காகிதத்தோடு டிராயிங் வந்தபோதுதான் கீழே ஒரு மூலையில் குட்டியாக ஒரு வரி. எல்லா விளிம்பும் நைஸ் ஃபினிஷ். மாமா தலையைச் சொறிந்தார். "சரி விடு மாப்ள, பெரிய கம்பெனி" என்றார்.

வேலை முடிந்த பிறகு நான் சும்மா இருக்காமல் எக்செல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்குக்காக எல்லாத்தையும் ரவுண்டு பண்ணியிருக்கிறேன். கார்னெட் கிலோ 25 ரூபாய், கரண்ட் மணிக்கு 350, ஆபரேட்டர் மணிக்கு 100, மெஷின் தேய்மானம் மணிக்கு 300. (மெஷின் 60 லட்சம், பத்து வருஷம், வருஷத்துக்கு 2000 மணி நேரம். அதே மெஷின் ஹவர் ரேட் கணக்குதான் நண்பர்களே, 8 மார்க் கேள்வி!)

மாமா மனசில் வைத்திருந்தது நடுத்தரம். 48 மீட்டருக்கு 16 மணி நேரம். கார்னெட் 9,600, கரண்ட் 5,600, ஆபரேட்டர் 1,600, தேய்மானம் 4,800. கூட்டினால் 21,600. அதாவது அவர் நினைத்தபடியே நடந்திருந்தாலும் லாபம் சுத்தமாகப் பூஜ்யம். மாமாவுக்குச் சம்பளம் கிடையாது, ஷெட் வாடகை கிடையாது, தேய்ந்து போகிற நாசிலுக்கும் ஹை பிரஷர் சீலுக்கும் ஒரு பைசா கிடையாது.

நடந்தது நைஸ் ஃபினிஷ். 30 மணி நேரத்துக்கு மேல். கார்னெட் 18,240, கரண்ட் 10,640. இந்த இரண்டும் மட்டுமே 28,880. வந்த பில்லை விட 7,280 அதிகம். ஆபரேட்டரையும் தேய்மானத்தையும் சேர்த்தால் நஷ்டம் 19,440.

இதில் இன்னொரு கூத்து. ஒவ்வொரு ஓட்டையையும் வெட்டத் தொடங்கும் முன்னால் ஜெட் முதலில் பிளேட்டைத் துளைக்கணும். ஒரு பிளாஞ்சில் எட்டு போல்ட் ஓட்டை, நடு ஓட்டை ஒன்று, வெளிவட்டம் ஒன்று. பத்து துளை. நாற்பது பீஸுக்கு 400 துளை. ஒன்றுக்கு அரை நிமிஷம் வைத்தாலும் 200 நிமிஷம். அந்த 200 நிமிஷத்தில் தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. மீட்டர் கணக்கில் அதுக்கு விலை எவ்வளவு? ஜீரோ.

மாமாவிடம் எக்செல்லைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் "அந்த ரேட்டுக்கு நாம பண்ணலைன்னா அடுத்த ஷெட்டுக்காரர் பண்ணிருவாரு மாப்ள" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

மீதியைக் கட்டினது யாரு?

சரி, 450 ரூபாய் ரேட்டின் மீதியைக் கட்டியவர்கள் யார் என்று பார்ப்போம்.

முதல் ஆள் மாமா. தேய்மானத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் "அதெல்லாம் ஆடிட்டர் போடறதுடா" என்பார். ஆடிட்டர் வருஷக் கடைசியில் 15 சதவீதம் போட்டு வரியைக் குறைத்துக் கொடுப்பார், அது மாமாவுக்கு சந்தோஷம். ஆனால் அதே தேய்மானம் கொட்டேஷனில் இல்லை. மெஷின் வயசாகிப் போய் பம்ப்பை மாற்ற வேண்டிய நாளில்தான் இந்தப் பத்து வருஷமாக மெஷினையே துண்டு துண்டாக விற்றுச் சாப்பிட்டோம் என்பது தெரியும். அப்போ ரொம்ப லேட்.

இரண்டாவது ஆள் யார் தெரியுமா? அந்த கஸ்டமரேதான். மாமா ஏமாளி, நைஸ் என்றால் நைஸாகவே வெட்டினார். எல்லாரும் அப்படி இருப்பார்களா? 450க்கு ஒத்துக்கொண்ட இன்னொருத்தர் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி விடுவார். மேல் பக்கம் பார்த்தால் பளபளப்பு, கீழ்ப் பக்கம் சாய்வு. அசெம்பிளியில் உட்காராது. அங்கே ஒருத்தர் கிரைண்டிங் மெஷினோடு அரைநாள் உட்கார்ந்து தேய்ப்பார். அந்தக் கூலி பர்சேஸ் டிபார்ட்மெண்டின் கணக்கில் வராது, புரொடக்‌ஷன் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும். பர்சேஸ் சார் மீட்டருக்கு 50 ரூபாய் மிச்சம் பிடித்ததாக மீட்டிங்கில் கைதட்டு வாங்குவார். மிச்சம் இல்லை சார் அது, ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் வைத்தது.

மூணாவது ஆள், எங்க அத்தை. மேலே சொன்ன பில்லுக்குப் பணம் வர 112 நாள் ஆனது. 21,600க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,888 ரூபாய். (இந்த வகை ஜாப் ஒர்க்குக்கு 12ஆக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது.) பில் போட்டுவிட்டால் காசு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாசம் வரி கட்டணும். கார்னெட் கடைக்காரர் கடன் கொடுக்க மாட்டார். அந்த மாசம் அத்தையோட செயின் அடகுக்குப் போனது. அதற்கு வட்டி கட்டினோம். ஆக, கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற கம்பெனிக்கு மூணு மாசத்துக்கும் மேலே வட்டியில்லாக் கடன் கொடுத்தது எங்க அத்தையோட நாலு பவுன். யோசித்துப் பாருங்கள்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கு. 2006ம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. சரக்கு போய் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் டெலிவரி ஆன நாளையே ஏற்றுக்கொண்ட நாளாக எடுத்துக்கொள்ளணும். படிக்கும்போது புல்லரிக்கும்.

2023ல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். 2024 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்தது. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஓட்டையைப் பாருங்கள். ஜூனில் வாங்கி அக்டோபரில் பணம் கொடுத்தால்? கெடு தாண்டியாச்சு, ஆனால் அதே நிதியாண்டுக்குள் கொடுத்தாச்சு. வரியில் ஒரு பாதிப்பும் இல்லை. அந்தப் பிரிவின் பயமெல்லாம் மார்ச் 31ஐச் சுற்றித்தான். மற்ற மாசங்களில் அத்தையோட செயின்தான்.

மாமா உத்யம் பதிவு வைத்திருக்கிறார். புகார் கொடுக்கலாமே என்றேன். "கொடுக்கலாம் மாப்ள, வட்டி வரும். அடுத்த ஆர்டர் வருமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நாலாவது ஆள் நம்ம கடற்கரை. அந்தச் சிவப்பு கார்னெட் மணல் எங்கே கிடைக்கிறது தெரியுமா? திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி கடற்கரையில். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கட்டிங் ஷெட்டுகளுக்கு இங்கேயிருந்து கப்பல் கப்பலாகப் போனது. அள்ளியதில் முறைகேடு என்று புகார் எழுந்து 2013ல் தமிழக அரசு தாது மணல் எடுக்கத் தடை போட்டது. வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்து, 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. மணல் மலிவாகக் கிடைத்த காலத்தில் அந்த மலிவின் மீதி எங்கே எழுதப்பட்டது என்று கேட்டால், எந்த காஸ்ட் ஷீட்டிலும் இல்லை. வாட்டர்ஜெட்டை நிறுத்து என்று நான் சொல்ல வரவில்லை. 15 கிலோ மணல் போகிற வேலைக்கு எட்டு கிலோ போதும் என்றால் மீதி ஏழு கிலோவை ஏன் வீணடிக்கணும் என்று மட்டும்தான் கேட்கிறேன். தேவையில்லாத விளிம்புக்கும் நைஸ் ஃபினிஷ் கேட்பது அந்த வீணடிப்புதான்.

"நீ பி.காம் படிச்சு என்னடா கிழிச்ச?"

இதை வகுப்பில் சொன்னபோது வந்த எதிர்க் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நண்பன் கேட்டான். "விலையை முடிவு பண்றது மார்க்கெட்டுடா, உன் மாமாவோட செலவு இல்ல. எகனாமிக்ஸ் முதல் பாடம்." சரி ராசா. ஆனால் அதே முதல் பாடத்தில் இன்னொரு வரியும் இருக்கிறதே. ஒரே பொருளை ஒரே பொருளோடு ஒப்பிட்டால்தான் அது மார்க்கெட். ஒருத்தர் தரம் 1ஐ மனசில் வைத்து 400 சொல்கிறார், இன்னொருத்தர் தரம் 5ஐ வைத்து 1,000 சொல்கிறார். 'மீட்டர்' என்ற ஒரே சாக்கில் இரண்டையும் போட்டு எடை போட்டால் அது போட்டியா? நேர்மையாக 1,000 சொன்னவர் முதல் ரவுண்டிலேயே அவுட். மிஞ்சுவது இரண்டே வகை ஆட்கள். கணக்குத் தெரியாதவர், கண்ணை மறைக்கத் தெரிந்தவர். ஒருத்தர் ஷெட்டை மூடுவார், இன்னொருத்தர் உங்க பார்ட்டைக் கெடுப்பார். இதுதான் உங்க மார்க்கெட்டா?

இன்னொருத்தி கேட்டாள். "உன் மாமாதானே 450க்கு ஒத்துக்கிட்டார்? யாரும் கழுத்துல கத்தி வெச்சாங்களா?" இது நியாயமான கேள்வி. இல்லை, யாரும் வைக்கவில்லை. அதனால்தான் பாதித் தப்பு அவர் மேல் என்று ஆரம்பத்திலேயே எழுதினேன். டிராயிங் பார்க்காமல் ரேட் சொன்னது அவர். டிராயிங்கைப் பார்த்த பிறகும் போன் போட்டு "சார், இது வேற ரேட்டு" என்று சொல்லாதது அவர். பக்கத்து ஷெட்டின் ரேட்டிலிருந்து பத்து ரூபாய் கழிப்பதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். பக்கத்து ஷெட்காரரும் இதே மாதிரி இவருடைய ரேட்டிலிருந்து பத்து ரூபாய் கழிக்கிறார். இரண்டு பேரும் மாறி மாறிக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடித்திருப்பவர் பர்சேஸ் சார்.

மூணாவது கேள்வி: "ரேட்டை ஏத்தினா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடாதா?" சில ஆர்டர் போகும். நஷ்டத்தில் செய்கிற ஆர்டர் போனால் அது நஷ்டமா? அந்த 30 மணி நேரம் மெஷின் சும்மா நின்றிருந்தால் மாமாவுக்குக் கார்னெட், கரண்ட் வகையில் ஏழாயிரம் ரூபாய் மிச்சம். சும்மா நிற்கிற மெஷினை விட நஷ்டத்தில் ஓடுகிற மெஷின் மோசம். இதை மாமாவுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. மெஷின் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்!

என்னதான் பண்ணணும்?

திட்டிவிட்டு மட்டும் போனால் நல்லா இருக்காது.

பார்ட் வாங்குகிறவர்களுக்கு: போனில் ரேட் கேட்காதீர்கள், டிராயிங்கை அனுப்புங்கள். உலோகம், கனம், எண்ணிக்கை, எந்த விளிம்பு எதோடு உட்காரப் போகிறது என்று எழுதுங்கள். அந்த பிளாஞ்சில் நைஸ் ஃபினிஷ் தேவைப்பட்டது நடு ஓட்டைக்கு மட்டும்தான். வெளிவட்டம் காற்றைத்தான் தொடப் போகிறது. அதுக்கு தரம் 3 போதும், சில இடத்தில் தரம் 2ம் போதும். டிராயிங்கில் அதைப் பிரித்துக் காட்டியிருந்தால் பாதி நேரம் மிச்சம். நியாயமான ரேட் கொடுத்தும் மொத்தச் செலவு குறைந்திருக்கும். பேரம் பேச வேண்டிய இடம் மீட்டரில் இல்லை, அந்த டிராயிங்கில்தான் இருக்கு.

மாமாக்களுக்கு: உங்க மெஷினுக்கு ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு செலவு என்று ஒரு காகிதத்தில் எழுதி, டெலிபோனுக்கு மேலே ஒட்டுங்கள். மேலே போட்ட கணக்கில் மணிக்கு 1,350 வருகிறது, நிமிஷத்துக்கு இருபத்திரண்டரை ரூபாய். அதுவும் நாசிலும் வாடகையும் சேர்க்காமல். மெஷினில் இருக்கிற சாஃப்ட்வேரே டிராயிங்கைப் போட்டால் துளைக்கிற நேரத்தையும் சேர்த்து எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடும். பெருக்கி, மேலே லாபத்தைப் போட்டுச் சொல்லுங்கள். பில்லில் உத்யம் நம்பரை அச்சடியுங்கள். ஆர்டர் காகிதத்தில் 45 நாள் என்று எழுதி வாங்குங்கள். கேஸ் போட வேண்டாம், எழுதி வாங்கவாவது செய்யுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்து ஷெட்காரரோடு ஒரு நாள் டீ குடியுங்கள். அவர் உங்க எதிரி இல்லை. அவர் வீட்டிலும் ஒரு செயின் அடகில் இருக்கு.

கடைசியாக என் கூடப் படிப்பவர்களுக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்தில் நம்மில் பாதிப் பேர் இந்த மாதிரி கம்பெனிகளில்தான் உட்காரப் போகிறோம். சிலர் பர்சேஸில், சிலர் அக்கவுண்ட்ஸ் பேயபிளில், சிலர் ஆடிட்டுக்குப் போய். மூணு கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை டிக் அடித்து, ஃபைலில் போடச் சொல்வார்கள். அந்த டிக் அடிக்கிற பேனா நம்ம கையில்தான் இருக்கும். "112 நாள் கழித்து பாஸ் பண்ணு" என்று சொன்னால் தலையாட்டப் போவதும் நாம்தான். மெஷின் ஹவர் ரேட்டை 8 மார்க்குக்கு மனப்பாடம் செய்துவிட்டு, வேலைக்குப் போன முதல் நாள் போனை எடுத்து "மீட்டருக்கு என்ன ரேட்டுங்க?" என்று கேட்டால், மூணு வருஷம் நாம் படித்தது எதுக்கு?

மாமா ஷெட்டில் இப்போ போனுக்கு மேலே 22.50 என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று ஒருத்தருக்கு "டிராயிங் அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்" என்று மாமா சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த ஆள் அனுப்பவில்லை. மாமா என்னை ஒரு மாதிரி முறைத்தார். இன்றைக்குக் காலையில் வேற ஒருத்தர் அனுப்பியிருக்கிறார். பார்ப்போம்.

பி.கு.: செயின் இன்னும் மீட்கவில்லை. அடுத்த மாசம் மீட்டுவிடலாம் என்கிறார் மாமா. அத்தை ஒண்ணும் சொல்லவில்லை.